டிஎஃப் 97% காட்டுது, டியூ பாதிதான் காட்டுது: லொக்ரொட்டேட் ஓடியும் இடம் திரும்பி வரேல்லை

கொக்குவில்_ரூட்

அண்ணைமார், உபுண்டு 22.04 லினக்ஸ் ஓடுற ஒரு விபிஎஸ் (வாடகைக்கு எடுத்த மெய்நிகர் சேர்வர்), டிஸ்க் 40 ஜீபி, சிங்கப்பூரில கிடக்கு. என்ஜின்எக்ஸ் வெப் சேர்வர், ஒரு ஜாவா பில்லிங் அப்ளிகேசன், ரெண்டு டொக்கர் கொன்ரெய்னர் (தனித்தனிப் பெட்டியாய் ஓடுற புரோகிராம்) அதில ஓடுது. யாழ்ப்பாணம் ரவுணில மூண்டு கடையின்ர பில் இதுக்குள்ளாலதான் போகுது. அதாலை பகலில ரீஸ்டார்ட் பண்ண ஏலாது.

டிஸ்க் கணக்குச் சொல்லுற ‘டிஎஃப் -எச்’ அடிச்சால் 36 ஜீபி பாவிச்சிருக்கு, 97%. ரூட்டாய் நிண்டு, கோப்புகளை எண்ணிக் கூட்டுற ‘டியூ -எக்ஸ்எஸ்எச் /’ அடிச்சால் 19 ஜீபிதான் வருது. மிச்சம் 17 ஜீபி எங்கை போச்சுது?

லொக் எண்டது அப்ளிகேசன் எழுதுற பதிவுக் கோப்பு, அதைச் சுழட்டிச் சுருக்கிப் பழசை அழிக்கிறது லொக்ரொட்டேட். பில்லிங் லொக்குக்கு /எட்சி/லொக்ரொட்டேட்.டி/ போல்டரில எழுதி வச்ச கொன்பிக்:

/வார்/லொக்/பில்லிங்/*.லொக் {
    டெய்லி
    ரொட்டேட் 7
    கொம்பிரஸ்
    மிஸ்ஸிங்ஓகே
    நொட்இஃப்எம்ப்டி
    கிரியேட் 0640 பில்லிங் பில்லிங்
}

அந்தப் போல்டரில பில்லிங்.லொக் 0 பைட். பில்லிங்.லொக்.1.ஜிஇசட் எண்டு ஒண்டே ஒண்டு இருக்கு, அதின்ர திகதி 12 நாள் பழசு. .2, .3 ஒண்டுமில்லை. அப்ளிகேசன் ஒழுங்காய் ஓடுது, பில் போகுது, ஆனால் லொக்கில ஒரு வரி விழேல்லை. சும்மா சோதிச்சுப் பார்க்கிற ‘லொக்ரொட்டேட் -டி’ போட்டால் எரரும் இல்லை, ரொட்டேட் செய்யத் தேவையில்லை எண்டுதான் சொல்லுது. ஜாவாவைத் தொடங்கிறது ஒரு ஷெல் ஸ்கிரிப்ட். நோஹப் (ரெர்மினலை மூடினாலும் புரோகிராமை ஓடவிடுற கட்டளை) போட்டு, ஒற்றை ‘>’ ஆல பில்லிங்.லொக்குக்குத் திருப்பிவிட்டிருக்கு.

ரீஸ்டார்ட் இல்லாமல், அந்த 12 நாள் லொக்கையும் இழக்காமல் இடத்தை எப்பிடி மீட்கிறது? இனிமேல் இப்பிடி வராமல் என்ன செய்யவேணும்?

பனங்கூடல்

தம்பி, நீங்கள் எழுதினதிலையே மறுமொழி கிடக்கு. 0 பைட் பில்லிங்.லொக், 12 நாள் பழைய ஒற்றை .1.ஜிஇசட், ஒற்றை ‘>’. மூண்டையும் சேர்த்துப் பாருங்கோ.

லினக்ஸில கோப்பு வேறை, கோப்பின்ர பெயர் வேறை. கோப்பு எண்டது ஐநோட். பெயர் அதில ஒட்டின சீட்டு. ஜாவா தொடங்கேக்கை பில்லிங்.லொக்கைத் திறந்து அந்த ஐநோட்டைப் பிடிச்சுக்கொண்டுது, பிறகு பெயரைத் திரும்பியே பார்க்காது. 12 நாளுக்கு முந்தி லொக்ரொட்டேட் அந்தச் சீட்டைக் கழட்டி பில்லிங்.லொக்.1 எண்டு வேறை சீட்டை ஒட்டிச்சுது, ‘கிரியேட்’ சொன்னபடி புதுசாய் ஒரு வெறும் பில்லிங்.லொக்கை வச்சுது. ஜாவா பழைய ஐநோட்டிலையே எழுதிக்கொண்டிருந்தது. அடுத்தாய் ‘கொம்பிரஸ்’ வந்து .1 ஐச் சுருக்கி .1.ஜிஇசட் ஆக்கிப்போட்டு மூலத்தை அழிச்சுது. அழிஞ்சது சீட்டு மட்டும்தான். ஜாவா பிடியை விடுமட்டும் கேர்னல் (லினக்ஸின்ர மையப் பகுதி) அந்த இடத்தை விடாது. டியூ பெயர் பெயராய்ப் போய் எண்ணுறதாலை அதுக்கு இது தெரியாது. டிஎஃப் பைல்சிஸ்டத்திட்டையே கணக்குக் கேக்கிறதாலை தெரியும். உங்கடை 17 ஜீபி அதுக்குள்ளதான் கிடக்கு.

பிறகு ஏன் .2 வரேல்லை? புது பில்லிங்.லொக் வெறுமையாய் கிடக்கு, ‘நொட்இஃப்எம்ப்டி’ வெறும் கோப்பைத் தொடாது. லொக்ரொட்டேட்டைப் பொறுத்தவரை எல்லாம் சரி. அதாலைதான் எரரும் இல்லை. இந்த வகைப் பிழையில சத்தமே வராது, டிஸ்க் நிரம்பேக்கைதான் தெரியும்.

உறுதிப்படுத்த ‘எல்எஸ்ஓஎஃப் +எல்1’ அடியுங்கோ. பெயர் ஒண்டும் மிச்சமில்லாமல் திறந்தபடி கிடக்கிற கோப்புகளை மட்டும் அது காட்டும். ஜாவா, அதின்ர பிஐடி (ப்ரொசெஸ் இலக்கம்), எஃப்டி (திறந்த கோப்பின்ர இலக்கம்) நிரலில ‘1டபிள்யூ’, சைஸ் நிரலில 18 பில்லியன் பைட்டுக்கு மேலை ஒரு எண், கடைசியில பில்லிங்.லொக்.1, பக்கத்தில டிலீட்டட் எண்டு வரவேணும். பிஐடி 1432 எண்டு வைச்சுக்கொள்ளுவம்.

இப்ப லொக்கை எடுக்கிறது. சீட்டு இல்லாட்டிலும் /ப்ரொக்/1432/எஃப்டி/1 எண்ட வழியால அந்த ஐநோட்டை வாசிக்கலாம். சேர்வரில இடமில்லாதபடியால் அங்கை கொப்பி எடுக்க வெளிக்கிடாதேங்கோ. சுருக்கிச் சுருக்கி நேரே ஒபீஸ் பெட்டிக்கு (உங்கடை ஒபீஸ் கொம்பியூட்டர்) அனுப்புங்கோ. எழுத எழுத வாசிக்கிறதாலை நடுவில வரி தவறக்கூடாது, அதுக்காக இரண்டு துண்டாய் எடுக்கவேணும். முதல் அந்த நேரத்துச் சைஸை எழுதி வையுங்கோ, அதை என் எண்டு வைப்பம்.

ஹெட் -சி என் /ப்ரொக்/1432/எஃப்டி/1 | நைஸ் -என் 19 ஜிசிப் -சி | எஸ்எஸ்எச் ஒபீஸ் 'கெட் > பில்லிங்-பகுதி1.ஜிஇசட்'

இது முடிய நேரமெடுக்கும். முடிஞ்ச பிறகு, கடை பூட்டின நேரத்தில, மிச்சத்தை ‘டெயில் -சி +’ போட்டு எடுங்கோ. கூட்டல் அடையாளத்துக்குப் பிறகு வரவேண்டியது என் கூட்டல் 1, என் இல்லை. அப்பிடிப் போட்டால் ஒரு பைட்டும் இரட்டிக்காது. ஒபீஸில ரெண்டுக்கும் ‘ஜிசிப் -டி’ ஓடவிட்டு உடையேல்லை எண்டு பார்த்த பிறகுதான் அடுத்த வேலை. அந்த ஐநோட் தொடக்கத்திலயிருந்து முழுசாய் இருக்கிறதாலை, பழைய .1.ஜிஇசட்டுக்குள்ள இருக்கிற வரிகளும் இதில திரும்ப வரும். அதைப் பார்த்து பயப்பிடவேண்டாம்.

இடத்தை விடுவிக்கிறதுக்கு:

: > /ப்ரொக்/1432/எஃப்டி/1

அவ்வளவுதான், டிஎஃப் உடனை இறங்கும். ஜாவாவுக்கு ஒண்டும் நடவாது. ஆனால் ஒண்டை வடிவாய் விளங்கிக்கொள்ளுங்கோ, இந்தத் திரியில எனக்கு முக்கியமான இடம் இதுதான். ஒற்றை ‘>’ ஆல திறந்த கோப்பில அப்பென்ட் கொடி (எப்பவும் கோப்பின்ர முடிவில எழுது எண்ட குறி) இல்லை. அப்பிடித் திறந்த ப்ரொசெஸ் தான் கடைசியாய் எழுதின இடத்தைத் தானே ஞாபகம் வச்சிருக்கும். நீங்கள் கோப்பை 0 ஆக்கினாலும் அடுத்த வரியை அது 17 ஆவது ஜீபியிலதான் போய் எழுதும். முன்னுக்கு உள்ளதெல்லாம் வெற்றுக் குழி. டிஸ்க்கில இடம் பிடிக்காது, ஆனால் சைஸ் 17 ஜீபி எண்டுதான் காட்டும். எல்எஸ்ஓஎஃப் திரும்பவும் பெரிய எண் காட்டினால் காரணம் அதுதான்.

கொடி இருக்கோ இல்லையோ எண்டு ஊகிக்கத் தேவையில்லை. ‘கெட் /ப்ரொக்/1432/எஃப்டிஇன்ஃபோ/1’ அடிச்சுப் பாருங்கோ. ஃப்ளாக்ஸ் எண்ட வரியில 0100001 எண்டால் அப்பென்ட் இல்லை. 0102001 எண்டால் இருக்கு. அந்த 2 தான் வித்தியாசம்.

உது ஏன் இவ்வளவு முக்கியம் எண்டால், இனிமேல் போடப்போற ‘கொப்பிட்ரங்கேட்’ இதிலதான் தங்கியிருக்கு. அது கோப்பைப் பெயர் மாத்தாது. உள்ளடக்கத்தை வேறை கோப்புக்குக் கொப்பி எடுத்துப்போட்டு மூலத்தை அதே இடத்தில 0 ஆக்கும். ஒற்றை ‘>’ ஆல திறந்திருந்தால் ஒவ்வொரு ரொட்டேட்டுக்குப் பிறகும் கோப்பின்ர முன்பக்கம் முழுக்க நல் பைட் (பெறுமதி 0 ஆன வெற்றுப் பைட்) நிரம்பி வரும். வரி தேடுற கிரெப் அதை பைனரிக் கோப்பு எண்டு சொல்லி வரியைக் காட்டாது. அதாலை ஸ்கிரிப்டில ‘>’ ஐ ‘>>’ ஆக மாத்துங்கோ. ஒரு எழுத்துத்தான். இன்னும் நல்லது நோஹப்பை விட்டிட்டு சிஸ்டம்டி (லினக்ஸில சேவைகளைத் தொடங்கிப் பார்க்கிற புரோகிராம்) சேர்விஸ் ஆக்கி, ஸ்டான்டர்ட்அவுட்புட் வரியில ‘அப்பென்ட்:’ எண்டு போட்டுப் பாதையைக் குடுக்கிறது. கரண்ட் போய் வந்தாலும் தானாய் எழும்பும்.

இண்டைக்கு ராத்திரி ரீஸ்டார்ட் செய்யுமட்டும் புது வரிகள் பெயரில்லாத ஐநோட்டுக்குள்ளதான் விழும். தேவையெண்டால் அதே எஃப்டி வழியால வாசிக்கலாம்.

லொக்கைத் திரும்பத் திறக்கச் சொல்லி ஜாவாவுக்கு ஹப் சிக்னல் அனுப்பிப் பார்க்கவேண்டாம். என்ஜின்எக்ஸ் யூஎஸ்ஆர்1 சிக்னலுக்கு லொக்கைத் திரும்பத் திறக்கும், சிஸ்டம் லொக் எழுதுற ஆர்சிஸ்லொக் ஹப்புக்குத் திறக்கும். அவை அப்பிடி எழுதப்பட்ட புரோகிராம். எழுதப்படாத புரோகிராமுக்கு ஹப் எண்டால் அனேகமாய்ச் சாவுதான்.

புது கொன்பிக்:

/வார்/லொக்/பில்லிங்/*.லொக் {
    டெய்லி
    மெக்ஸ்சைஸ் 200எம்
    ரொட்டேட் 200
    மெக்ஸ்ஏஜ் 14
    கொப்பிட்ரங்கேட்
    கொம்பிரஸ்
    டேட்எக்ஸ்ட்
    மிஸ்ஸிங்ஓகே
    நொட்இஃப்எம்ப்டி
}

‘கிரியேட்’ ஐ எடுத்துவிட்டன், கொப்பிட்ரங்கேட்டோடை அதுக்கு வேலையில்லை. ‘டிலேகொம்பிரஸ்’ (அடுத்த சுழட்டல் வரைக்கும் சுருக்காமல் விடுறது) உம் போடேல்லை, ஏனெண்டால் கொப்பியில ஒருத்தரும் எழுதுறதில்லை, உடனை சுருக்கலாம். என்ஜின்எக்ஸ் மாதிரிப் பெயர் மாத்திச் சுழட்டிற இடத்தில டிலேகொம்பிரஸ் கட்டாயம் வேணும். சிக்னல் கிடைக்கிறதுக்கு முந்திப் பழைய கோப்பில விழுற வரிகள் சுருக்கேக்கை தொலையும். என்ஜின்எக்ஸ் பொதியோடை வாற கொன்பிக்கில அது ஏற்கெனவே இருக்கு, போஸ்ட்ரொட்டேட்டும் (சுழட்டின பிறகு ஓடுற கட்டளை) இருக்கு. அதில கை வைக்காதேங்கோ.

கொப்பிட்ரங்கேட்டுக்கு இரண்டு விலை. கொப்பி முடிஞ்சு 0 ஆக்கிறதுக்கு இடையில ஒரு சின்ன இடைவெளி, அதில விழுற வரி போகும். மற்றது, கொப்பி எடுக்க மூலத்தின்ர அளவுக்கு வெற்றிடம் வேணும். 12 ஜீபி லொக், 1 ஜீபி இடம் எண்டால் அது ஏலாமல் நிக்கும். அதாலைதான் சின்னதாய் இருக்கேக்கையே சுழட்டிறது. ஒரு வரியும் போகக்கூடாது எண்டால் லொக்பேக் அல்லது லொக்4ஜே2 எண்ட ஜாவா லொக் லைப்ரரிக்குள்ள இருக்கிற, தானே கோப்பைச் சுழட்டிற ரோலிங் அப்பென்டரைப் பாவியுங்கோ. அப்ப லொக்ரொட்டேட்டில இருந்து அந்தக் கோப்பை எடுத்துவிடவேணும். ரெண்டும் ஒரே கோப்பில கை வச்சால் ரெண்டும் குழம்பும்.

வடலி_நெற்

பனங்கூடல் அண்ணை சொன்னதோடை இதையும் சேருங்கோ, இல்லாட்டில் அந்த 200எம் வேலை செய்யாது.

லொக்ரொட்டேட் ஒரு டீமன் (பின்னணியில எப்பவும் ஓடுற புரோகிராம்) இல்லை. கோப்பு 200 எம்பியைத் தாண்டுதோ எண்டு பார்த்துக்கொண்டு நிக்காது. அது ஓடுற நேரத்தில மட்டும்தான் பார்க்கும். உபுண்டுவில அதை எழுப்பிறது லொக்ரொட்டேட்.ரைமர், நாளுக்கு ஒருக்கால். ‘சிஸ்டம்சிடிஎல் எடிட் லொக்ரொட்டேட்.ரைமர்’ அடிச்சு, ரைமர் பகுதியில முதல் ‘ஒன்கலண்டர்=’ எண்டு வெறுமையாய் ஒரு வரி, அடுத்து ‘ஒன்கலண்டர்=அவர்லி’. அந்த வெறும் வரியை விட்டால் பழைய நேரமும் புது நேரமும் ரெண்டும் நிக்கும். அக்குரசிசெக் (குறிச்ச நேரத்துக்கு எவ்வளவு பிந்தலாம் எண்ட அளவு) ஐயும் 1 நிமிசத்துக்குக் குறையுங்கோ, பொதியோடை வாறது 1 மணித்தியாலம். ‘சிஸ்டம்சிடிஎல் லிஸ்ட்-ரைமர்ஸ்’ இல அடுத்த ஓட்டம் எப்ப எண்டு தெரியும். /எட்சி/கிரொன்.டெய்லி யில இருக்கிற ஸ்கிரிப்டை மாத்திப் பிரயோசனமில்லை, சிஸ்டம்டி இருந்தால் அது ஒண்டும் செய்யாமல் வெளியேறும்.

சைஸ், மின்சைஸ், மெக்ஸ்சைஸ் மூண்டும் ஒண்டு எண்டு நினைச்சுப் பிழைவிடுறவை கனபேர். ‘சைஸ்’ போட்டால் டெய்லி, வீக்லி எண்டு எழுதினதை அது பார்க்காது, அளவு மட்டும்தான். ‘மின்சைஸ்’ க்கு நேரமும் வரவேணும், அளவும் வரவேணும். ‘மெக்ஸ்சைஸ்’ எண்டால் ரெண்டில எது முந்தி வந்தாலும் சுழட்டும். உங்களுக்கு வேண்டியது கடைசி.

ஒரு நாளில கனதரம் சுழட்டேக்கை டேட்எக்ஸ்ட் இன்ர வழமையான பெயரில ஆண்டு, மாதம், நாள் மட்டும்தான் இருக்கும். இரண்டாம் தரம் சுழட்டப் போனால் அந்தப் பெயரில ஏற்கெனவே கோப்பு இருக்கெண்டு விட்டிட்டுப் போயிடும். ‘டேட்ஃபோர்மட்’ வரி போட்டு மணியையும் சேருங்கோ. தொடக்கத்திலேயே யோசிச்சு முடிவெடுங்கோ. இடையில ஃபோர்மட்டை மாத்தினால் பழைய பெயரில இருக்கிற கோப்புகளை லொக்ரொட்டேட் தன்ரை எண்டு மதிக்காது, அவை நெடுகக் கிடக்கும், நீங்கள்தான் கையால அழிக்கவேணும்.

‘ரொட்டேட் 200’ ஏன் எண்டு கேட்டால், அது நாள் கணக்கில்லை, கோப்புக் கணக்கு. பழைய மாதிரி 7 எண்டு விட்டிருந்தால், ஏதோ எரர் சுத்திச் சுத்தி லொக்கை நிரப்புற நாளில 7 மணித்தியாலத்தில எல்லாம் அழிஞ்சுபோம். லொக் கட்டாயம் தேவைப்படுற நாளும் அதுதான். உங்கடை கணக்கில 12 நாளுக்கு 17 ஜீபி, ஒரு நாளுக்கு 1.4 ஜீபி. 200 எம்பிப்படி நாளுக்கு 7 கோப்பு, 14 நாளுக்கு 98. 200 எண்டது தாராளம். லொக் பத்தில ஒண்டாய்ச் சுருங்கினால் 14 நாளுக்கு 2 ஜீபி.

சுன்னாகம்_ஷெல்

இவ்வளவு பாடு தேவையோ? கிரொனில (நேரம் குறிச்சு வேலையை ஓடவிடுறது) ஒரு வரி: ‘ஃபைன்ட் /வார்/லொக் -எம்ரைம் +7 -டிலீட்’. முடிஞ்சுது.

பனங்கூடல்

வேண்டாம், அதே பொறிதான். திறந்தபடி இருக்கிற கோப்பை ஃபைன்ட் அழிச்சாலும் இடம் வராது, பெயர் மட்டும் போகும். அதோடை 7 நாளாய் ஒண்டும் எழுதப்படாத கோப்பு எண்டால் தேவையில்லாத கோப்பு எண்டு அர்த்தமில்லை. எப்பவாவது ஒரு வரி விழுற எரர் லொக், கடைசி லொகின் விபரம் இருக்கிற கோப்பு எல்லாம் /வார்/லொக் இலதான் இருக்கு. சுருக்கி முடிஞ்ச .ஜிஇசட் கோப்புகளை மட்டும், ஒரு குறிப்பிட்ட போல்டருக்குள்ள அழிக்கிறதெண்டால் சரி. ஆனால் அதைத்தான் மெக்ஸ்ஏஜ் செய்யுதே.

இதில இன்னொரு கண்ணியும் சொல்லவேணும். கொன்பிக்கின்ர முதல் வரியில *.லொக் எண்டு இருக்கிறது நல்லம். வெறும் * எண்டு போட்டிருந்தால், சுழட்டின கோப்பையும் திரும்பத் திரும்பச் சுழட்டிக் குட்டி போட்டுக்கொண்டே போகும்.

வடலி_நெற்

டொக்கரை மறந்திட்டம். கொன்ரெய்னரின்ர லொக் /வார்/லிப்/டொக்கர்/கொன்ரெய்னர்ஸ் க்குள்ள ஜேசன் கோப்பாய்க் கிடக்கும். பொதுவாய் வாற ஜேசன்-ஃபைல் டிரைவர் தானாய்ச் சுழட்டாது, எவ்வளவும் வளரும். அதை லொக்ரொட்டேட்டால தொடாதேங்கோ. /எட்சி/டொக்கர்/டீமன்.ஜேசன் இல லொக்-ஒப்ட்ஸ் க்குள்ள மெக்ஸ்-சைஸ் 10எம், மெக்ஸ்-ஃபைல் 3 எண்டு போட்டு டொக்கரை ரீஸ்டார்ட் செய்யவேணும். இதில எல்லாரும் சறுக்கிற இடம்: அந்த எல்லை புதுசாய் உருவாக்கிற கொன்ரெய்னருக்கு மட்டும்தான். பழசை நிப்பாட்டி ஓடவிட்டால் போதாது, அழிச்சுத் திரும்ப உருவாக்கவேணும். உள்ளுக்குத் தரவு இருக்குதெண்டால் முதல் அதை வெளியில ஒரு வொல்யூமுக்கு (கொன்ரெய்னர் அழிஞ்சாலும் நிக்கிற இடம்) எடுங்கோ.

ஜேர்னலும் (சிஸ்டம்டியின்ர லொக்) பாருங்கோ. ‘ஜேர்னல்சிடிஎல் --டிஸ்க்-யூசேஜ்’. அது பைல்சிஸ்டத்தின்ர 10% வரைக்கும் வளரும், உச்சம் 4 ஜீபி. 40 ஜீபி டிஸ்க்குக்கு அது கூட. ஜேர்னல்டி.கொன்ஃப் இல சிஸ்டம்மெக்ஸ்யூஸ்=500எம் எண்டு போட்டு ஜேர்னல்டியை ரீஸ்டார்ட் செய்தால் போதும். இப்பவே குறைக்க ‘--ரொட்டேட்’ ஐ முதல் அடிச்சிட்டு ‘--வெக்யூம்-சைஸ்=500எம்’. முதலாவதை விட்டால் எழுதிக்கொண்டிருக்கிற ஜேர்னல் கோப்பை வெக்யூம் தொடாது.

கொக்குவில்_ரூட்

அண்ணைமாருக்கு நன்றி. எஃப்டிஇன்ஃபோ 0100001 எண்டுதான் காட்டிச்சுது. ரெண்டு துண்டும் ஒபீஸுக்கு வந்து ஜிசிப் -டி சரி. 0 ஆக்கின உடனை 97% இல இருந்து 51% க்கு இறங்கிச்சுது. ‘>>’ போட்டு ராத்திரி ரீஸ்டார்ட் செய்தாச்சு, பில்லிங்.லொக்கில வரி விழுது.

இன்னும் ரெண்டு கேள்வி. ஒண்டு, புது கொன்பிக்கை ‘-டி’ போட்டுப் பார்த்தால், மேல் போல்டரின்ர அனுமதி பாதுகாப்பில்லை, ‘எஸ்யூ’ போடு எண்டு சொல்லி விட்டிட்டுப் போகுது. மற்றது, 14 நாளுக்கு மேலைப்பட்ட லொக்கை ஒபீஸில ஒரு வருசம் வைக்கவேணும். ஒபீஸ் பெட்டி பின்னேரம் 6 மணிக்கு நிப்பாட்டி காலமை 8 மணிக்குத்தான் போடுறது. கரண்டும் இடைக்கிடை போகும்.

பூவரசு

முதலாவதுக்குச் சுருக்கமாய்: /வார்/லொக்/பில்லிங் போல்டரில பில்லிங் குழுவுக்கு எழுத அனுமதி இருக்கு, அனேகமாய் இப்ப 0775 ஆய்க் கிடக்கும். அப்பிடி இருந்தால் லொக்ரொட்டேட் ரூட்டாய் அதுக்குள்ள போகாது, அது சரியான பயம்தான். ரூட் எழுதப்போற இடத்தில வேறை ஆள் சிம்லிங்க் (வேறை கோப்பைக் காட்டுற குறுக்குவழி) வச்சு எந்தக் கோப்பையும் அழிப்பிக்கலாம். கொன்பிக்குக்குள்ள ‘எஸ்யூ பில்லிங் பில்லிங்’ எண்டு ஒரு வரி போடுங்கோ. கொன்பிக் கோப்பு 0644, உரிமை ரூட். குழுவுக்கு எழுத அனுமதி இருந்தால் லொக்ரொட்டேட் அந்தக் கொன்பிக்கையே ஒதுக்கிவிடும்.

இனி ஆவணமாக்கிறது. இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்லவேணும்.

ஒபீஸ் பெட்டிதான் சேர்வரிட்டை வந்து இழுக்கவேணும். சேர்வர் ஒபீஸுக்குத் தள்ளக்கூடாது. சேர்வருக்குள்ள ஆரும் புகுந்தால் முதல் தேடுறது லொக்கைத்தான். தள்ளுற முறையெண்டால் ஒபீஸ் ஆவணத்தின்ர எஸ்எஸ்எச் சாவியும் அங்கை கிடக்கும், ரெண்டையும் அழிச்சிட்டுப் போகலாம். இழுக்கிற முறையில சேர்வருக்கு ஒபீஸ் எங்கை எண்டே தெரியத் தேவையில்லை. சேர்வரில தனி யூசர் ஒண்டு, அவற்ரை ஓதரைஸ்ட்_கீஸ் கோப்பில அந்தச் சாவிக்கு முன்னாலை ‘ஆர்ஆர்சிங்க் -ஆர்ஓ’ எண்டு கட்டுப்படுத்தினால் அந்தச் சாவியாலை வாசிக்க மட்டும்தான் ஏலும், அதுவும் குறிச்ச போல்டரை மட்டும்.

ஒபீஸில, மாறின கோப்பை மட்டும் கொண்டுவாற ஆர்சிங்க்: ‘ஆர்சிங்க் -ஏ --பார்ஷல் --பிடபிள்யூலிமிட்=512’, *.ஜிஇசட் ஐ மட்டும் சேர்த்து. நாளுக்கு 140 எம்பி எண்டால் 512 கேபி வேகத்தில 5 நிமிசத்துக்குள்ள முடியும், ஒபீஸ் இன்ரநெற்றும் இறுகாது. பார்ஷல் இருந்தால் கரண்ட் போய் அறுந்த கோப்பு அடுத்த தரம் விட்ட இடத்தில இருந்து வரும்.

‘--டிலீட்’ ஐ மட்டும் போட்டிடாதேங்கோ. பழக்கத்தில கை தானாய் அடிக்கும். சேர்வரில 14 நாள் முடிய மெக்ஸ்ஏஜ் அழிக்கும், அடுத்த ஆர்சிங்க் ‘அங்கை இல்லை’ எண்டு ஒபீஸிலையும் அழிக்கும். ஒரு வருச ஆவணம் எண்டு நினைச்சுக்கொண்டிருப்பியள், உள்ளுக்கு எப்பவும் 14 நாள்தான் இருக்கும்.

டேட்எக்ஸ்ட் இங்கைதான் முக்கியம். .1, .2 எண்டு எண் வச்சால் ஒவ்வொரு சுழட்டலுக்கும் எல்லாக் கோப்பின்ர பெயரும் ஒரு படி தள்ளும். ஆர்சிங்க் எல்லாத்தையும் திரும்ப இழுக்கும், பழைய .7 க்கு மேலை புது .7 வந்து விழும். திகதி வச்ச பெயர் மாறாது.

திகதி எண்டதும் இதையும் பாருங்கோ. விபிஎஸ் அனேகமாய் யூடிசியில (உலகப் பொது நேரம்) இருக்கும். அங்கை நள்ளிரவு எண்டால் எங்களுக்கு விடிய 5:30. பில்லிங்குக்கு இது வசதிதான், கடை நாள் நடுவில வெட்டுப்படாது. ஆனால் கோப்பின்ர பெயரில வாறது சுழட்டின நாள், அதாவது 11 ஆம் திகதி எண்டு பெயர் வச்ச முதல் கோப்புக்குள்ள 10 ஆம் திகதி வரிகள் இருக்கும். பெயரில இருக்கிற மணியும் யூடிசிதான். ஆவணத்தில தேடேக்கை 5:30 ஐக் கூட்டிக் கழிக்கிற பழக்கம் வேணும். சேர்வரை ஏஷியா/கொலம்போவுக்கு மாத்திறதை விட, யூடிசியிலேயே விட்டு, ஒவ்வொரு லொக் வரியிலும் நேர வித்தியாசத்தையும் அப்ளிகேசன் எழுதவைக்கிறது நல்லம். நாலைந்து இடத்து லொக்கை ஒண்டாய்ப் பார்க்கேக்கை அதுதான் கைகுடுக்கும்.

மாதம் முடிய அந்த மாதக் கோப்புகளை ஒண்டாக்கலாம். ஜிசிப் கோப்புகளை விரிக்கத் தேவையில்லை, ‘கெட்’ ஆல ஒண்டன் பின்னாலை ஒண்டாய் ஒட்டினாலே அது முறையான ஒரு ஜிசிப் கோப்பு, இசட்கிரெப் வடிவாய் வாசிக்கும். ஒட்டினதை ஜிசிப் -டி பார்த்து, ஷா256சம் (கோப்பு மாறினால் காட்டிக்குடுக்கிற சரிபார்ப்புத் தொகை) எடுத்து, அந்தத் தொகையை வேறை இடத்தில வையுங்கோ. பிறகு கோப்பை 0440 ஆக்குங்கோ.

பெட்டி இரவில நிப்பாட்டிறது பிரச்சினையில்லை. அங்கை கிரொன் போடாதேங்கோ, நிப்பாட்டியிருந்த நேரத்து வேலையைக் கிரொன் மறந்துபோம். சிஸ்டம்டி ரைமர் எழுதி, ‘பெர்சிஸ்டன்ட்=ட்ரூ’ போடுங்கோ. காலமை 8 மணிக்குப் போட்ட உடனை தவறின ஓட்டத்தைத் தானே ஓடும். நெற் எழும்ப முந்தி ஓடுற வாய்ப்பைக் குறைக்க ‘ரெண்டமைஸ்ட்டிலேசெக்=10எம்’ (10 நிமிசம்) உம் சேருங்கோ. லொக்ரொட்டேட்டுக்குள்ளேயே லாஸ்ட்அக்‌ஷன் எண்டு எழுதி அனுப்பிறவையும் இருக்கினம். நான் சொல்லமாட்டன். நெற் இழுபட்டால் லொக்ரொட்டேட் தன்ர நிலைக் கோப்பைப் பூட்டினபடி நிக்கும், அடுத்த மணி ஓட்டம் பூட்டைப் பார்த்துத் திரும்பிப்போம். சுழட்டிறது வேறை வேலை, கொண்டுபோறது வேறை வேலை.

கரண்ட் பற்றி. சடாரெண்டு நிண்டால் ஒபீஸ் பெட்டியின்ர /வார்/லிப்/லொக்ரொட்டேட்/ஸ்டேட்டஸ் கோப்பு பழுதாகிறது நடக்கிற காரியம். உள்ளுக்குக் குப்பை கிடக்கும். முதல் வரி பிழையெண்டு எரர் வரும். பழைய பதிப்புகள் அதோடை வெளியேறிவிடும், ஒரு லொக்கும் சுழலாது. ‘ஜேர்னல்சிடிஎல் -யூ லொக்ரொட்டேட்’ இல அந்த வரியைக் கண்டால், ஸ்டேட்டஸ் கோப்பை வேறை இடத்துக்கு நகர்த்திப்போட்டு ஒருக்கால் ஓடவிட்டால் புதுசாய் எழுதும். புதுசாய் எழுதின அண்டைக்கு டெய்லிக் கோப்புகள் சுழலாது. எல்லாத்தையும் இண்டைக்குத்தான் கண்டது எண்டு பதிஞ்சு, அடுத்த நாளில இருந்துதான் தொடங்கும். மாரி மழைக்கு முந்தி ஒரு யூபிஎஸ்ஸும், அது இறங்கேக்கை தானாய் ஷட்டவுன் ஆகிற ஒழுங்கும் செய்து வையுங்கோ.

கடைசியாய், பில்லிங் லொக்கில வாடிக்கையாளர் பெயர், போன் நம்பர், ஐபி இருக்குமெண்டால் அது தனிப்பட்ட தரவு. 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் எங்கடை நாட்டில இருக்கு. தேவைக்கு மேலாலை வச்சிருக்கக்கூடாது எண்டதுதான் அதின்ர போக்கு. ஒரு வருசம் எண்டால் ஏன் ஒரு வருசம் எண்டு எழுதி வையுங்கோ. 13 ஆவது மாதக் கோப்பை அழிக்கிற வேலையையும் ரைமரில போடுங்கோ. போன் நம்பர், டோக்கன், பாஸ்வேர்ட் மாதிரியானவை லொக்குக்குள்ளேயே விழாமல் அப்ளிகேசனில மறைக்கிறது எல்லாத்திலும் நல்லம். ஒருக்கால் .ஜிஇசட் ஆகிப் போனால் பிறகு துடைக்கிறது பெரிய வேலை.

கொக்குவில்_ரூட்

‘எஸ்யூ’ வரி போட்டாச்சு, எரர் இல்லை. கையால ‘-எஃப்’ (கட்டாயம் சுழட்டு எண்டது) போட்டு ஓடினால் சுழலுது. இது போதுமோ?

வடலி_நெற்

போதாது. கையால ஓடுறது உங்கடை ஷெல்லில, ரைமர் ஓடுறது சேர்விஸுக்குள்ள. அந்தச் சேர்விஸுக்கு /எட்சி, /யூஎஸ்ஆர் எல்லாம் வாசிக்க மட்டும்தான். உங்கடை ஸ்கிரிப்ட் ஏதும் அங்கை எழுதுமெண்டால் கையால ஓடேக்கை சரிவரும், ராத்திரி பிழைக்கும். ‘சிஸ்டம்சிடிஎல் ஸ்டார்ட் லொக்ரொட்டேட்.சேர்விஸ்’ அடிச்சு ஜேர்னலைப் பாருங்கோ. அதோடை நாளைக்கு மத்தியானம், கடை மும்முரமாய் இருக்கேக்கை போல்டரைத் திறந்து பாருங்கோ. மணி சேர்ந்த பெயரில இரண்டு மூண்டு .ஜிஇசட் இருக்கவேணும், பில்லிங்.லொக் வளர்ந்துகொண்டு இருக்கவேணும், அதின்ர முதல் வரி நல் பைட் இல்லாமல் சுத்தமாய் வாசிக்கக்கூடியதாய் இருக்கவேணும். ‘ஹெட் -சி 200’ போட்டால் தெரியும்.